எந்த முளையில் கட்டியிருக்கிறோம்?



வீடுகளுக்கு ஜெபிக்கப் போகும்போது விசுவாசிகள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "பாஸ்டர், எவ்வளவோ ஜெபிச்சும் நடக்கலையே, என் விசுவாசம் பத்தலையோ?" வியாதி நீங்காத வீட்டிலும், கடன் தீராத வீட்டிலும், பிள்ளைக்கு வரன் அமையாத வீட்டிலும் இதே கேள்விதான். கேட்பதற்கு ஆவிக்குரிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் இதற்குள் ஒரு கண்ணி இருக்கிறது. கர்த்தரை நம்புவதை விட்டுவிட்டு, நம்முடைய விசுவாசத்தின்மேலேயே விசுவாசம் வைக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

தென்னை நாரும் கயிறும் நம்ம சிங்கம்புணரியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கயிறு எத்தனை புரி, எவ்வளவு முறுக்கு என்று நமக்குப் பார்க்கத் தெரியும். ஆனால் மாட்டைக் கட்டுகிறவன் முளையையும் ஒருதரம் அசைத்துப் பார்ப்பான். முளை ஆட்டங்கண்டால், கயிறு புதுசாயிருந்தும் பிரயோஜனமில்லை. மாடு முளையையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும். முளை ஆழமாய் இறங்கியிருந்தால் சாதாரணக் கயிறே போதும். கடுகுவிதையளவு விசுவாசத்தை ஆண்டவர் போதுமென்று சொன்னார் அல்லவா (மத். 17:20)? ஆகவே, "என் விசுவாசம் எவ்வளவு?" என்று அளந்து பார்ப்பதைவிட, "அது எதில் கட்டியிருக்கிறது?" என்று கேட்பதே நல்லது.

நம்மைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களைப் பாருங்கள். பர்மா தேக்குத் தூண்களோடு பெரிய பெரிய வீடுகள். அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைக் கட்டிய நகரத்தார் சோம்பேறிகள் அல்ல. கணக்கில் கெட்டிக்காரர்கள், கடல் கடந்து உழைத்தவர்கள். 1930-களில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய பர்மா விவசாயிகள் கட்ட முடியாமற்போனபோது, ஈடு வைத்த நிலங்கள் கைமாறின. கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு இவர்கள் கைக்கு வந்தது. நிலத்தைவிட உறுதியான சொத்து வேறென்ன என்று யாரும் நினைப்பார்கள். 1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையுமாக நடந்தே வந்தார்கள். வழியிலே மரித்தவர்கள் அநேகர். 1948-ல் நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி ஏற்பட்டபின் வங்கிகளும் கடைகளும் போயின. 1964-ல் 50, 100 கியாத் நோட்டுகளும் செல்லாமற்போயின. காரைக்குடியில் இருக்கிற பர்மா காலனி என்ற பேரே அந்தக் கதையைச் சொல்லும். நம் தேசத்திலும் 2016 நவம்பர் 8-ந் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு என்ன ஆனது என்று நாம் மறக்கவில்லை.

பிறர் இழப்பைக் காட்டி நாம் பெருமைபாராட்டக் கூடாது. சேமிக்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள்ளும்படி வேதமே சொல்லுகிறது (நீதி. 6:6-8). பணத்தை வைத்திருப்பது வேறு. அதன்மேல் சாய்ந்திருப்பது வேறு.

இதுவரைக்கும் எல்லாரும் "ஆமென்" சொல்லுவீர்கள். ஆனால் சபைக்குள்ளேயும் ஆடுகிற முளைகள் உண்டு. பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து பிலிப்பி சபைக்கு எழுதும்போது, தான் ஒருகாலத்தில் மேன்மைபாராட்டினவைகளை வரிசையாக எழுதுகிறார்: எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயன் என்ற பேர், நியாயப்பிரமாணத்தில் குற்றமில்லாத நடக்கை. ஒன்றுகூடக் கெட்ட காரியமல்ல. ஆனாலும் கிறிஸ்துவுக்காக எல்லாவற்றையும் நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டார் (பிலி. 3:4-8). நம்முடைய பட்டியலில் என்ன இருக்கும்? "நாங்க மூணு தலைமுறைக் கிறிஸ்தவங்க", "நான் இன்ன ஊழியக்காரர் கையில ஞானஸ்நானம் எடுத்தவன்", "நாற்பது நாள் உபவாசம் இருந்தேன்". ஜாதிப் பெருமையையும் சிலர் ஞானஸ்நானத் தண்ணீரில் விடாமல் கரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

வரங்களைப்பற்றியும் சொல்லவேண்டும். பிசாசுகள் தங்களுக்குக் கீழ்ப்படிந்ததென்று எழுபதுபேரும் சந்தோஷத்தோடே திரும்பிவந்தபோது, ஆண்டவர் அந்தச் சந்தோஷத்தை வேறே இடத்தில் மாற்றிக் கட்டினார், பரலோகத்தில் தங்கள் பேர் எழுதியிருக்கிறதற்காக மகிழச் சொன்னார் (லூக். 10:17-20). 1860-ல் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஊழியத்தின் மூலம் திருநெல்வேலிச் சீமையில் பெரிய எழுப்புதல் உண்டானது. அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் விளங்கின. அவர் மிஷன் சம்பளத்தை நம்பாமல் கர்த்தரை நம்பி ஊழியஞ்செய்தவர். அந்த அக்கினி திருவிதாங்கூரிலும் பரவியது. ஆனால் அங்கே 1870-களில் ஒரு கூட்டத்தார், 1881-ல் ஆண்டவர் வந்துவிடுவார் என்ற தீர்க்கதரிசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வருஷம் வந்தது, போனது. வரம் தேவன் கொடுப்பது, மெய்தான். ஆனாலும் கொடுக்கிறவரை விட்டு வரத்தில் கயிற்றைக் கட்டினால் அது தாங்காது.

நம் சபையார் ஒரு சகோதரனுக்காகப் பல வாரங்கள் உபவாசித்து ஜெபித்தோம். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கம் முடிந்தபின் சிலர் அந்த வீட்டு அம்மாவிடம், "விசுவாசத்துல எங்கயோ குறை இருந்திருக்கு" என்றார்களாம். இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற பேச்சு. யோபுவின் சிநேகிதரும் இப்படித்தான் பேசி, தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். சில மாதம் கழித்து அந்த அம்மா என்னிடத்தில் சொன்னது: "அழுகை நிக்கல பாஸ்டர். ஆனா ஆண்டவர் என்னைய விடல." இதுதான் கர்த்தருக்குள் சந்தோஷம். லாசருவின் கல்லறையில் கண்ணீர்விட்ட ஆண்டவர் நம்முடைய கண்ணீரைக் கோபிக்கிறவர் அல்ல. ஆபகூக்கும் அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று ஒவ்வொன்றாய் இல்லாமற்போவதை எண்ணிச் சொல்லிவிட்டு, அதற்குப்பின்தான் கர்த்தருக்குள் மகிழுவதைப்பற்றிப் பேசினார் (ஆப. 3:17-18).

ஆகையால் ஒரு வேண்டுகோள். சாட்சி நேரத்தில் சுகம் பெற்றவர்களும் வேலை கிடைத்தவர்களும் மட்டும் எழுந்து நின்றால், இன்னும் பெறாதவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். இனி அவர்களும் எழும்பட்டும். "இன்னும் கிடைக்கலை, ஆனாலும் ஆண்டவர் எனக்கு உண்டு" என்று சொல்லட்டும். அதற்கும் சபை சத்தமாய் "அல்லேலூயா" சொல்லட்டும்.

பிரியமானவர்களே, இந்த வாரம் தனி ஜெபத்தில் உங்களையே கேட்டுப்பாருங்கள்: எது போய்விட்டால் என் சந்தோஷம் முழுவதும் போய்விடும்? உங்கள் கயிறு அதில்தான் கட்டியிருக்கிறது. அவிழ்க்கக் கை நடுங்கினாலும் பயப்படாதிருங்கள். நாம் அவரைப் பிடித்திருக்கிற பிடி தளரும், அவர் நம்மைப் பிடித்திருக்கிற கையிலிருந்து நம்மைப் பறித்துக்கொள்ள ஒருவராலும் கூடாது (யோவா. 10:28). கர்த்தர்தாமே நம் இருதயங்களைத் தம்மிடத்தில் உறுதியாய்க் கட்டிக்கொள்வாராக. ஆமென்.