வீட்டில் தீராத நோவு

பிரியமான பங்கு மக்களே,

சாகக்கிடக்கிறவர் வீட்டுக்குச் சுவாமியார் வருவது உங்களுக்குத் தெரிந்த காரியம். ஆனால் சாவுக்கும் ஏதுவாகாமல், சுகமும் ஆகாமல், வருஷக்கணக்காய் நிற்கிற நோவும் உண்டு. மூட்டுவாதம், இடுப்புவலி, ஒற்றைத் தலைவலி, சர்க்கரை வியாதியால் வரும் பாத எரிச்சல் ஆகியவை இவ்விதமானவை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியர்கள் அதை நாட்பட்ட நோவு என்கிறார்கள். காயம் ஆறிய பின்னும் நரம்புகள் நோவை உணர்த்திக்கொண்டேயிருப்பதுண்டு. ஆகையால் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்றால் நோவே இல்லை என்று அர்த்தமல்ல. முதல் மாதம் அயலார் கஞ்சி கொண்டுவருவார்கள். மூன்றாம் வருஷம் சொந்த வீட்டாரே, "இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டாயா?" என்பார்கள்.

இதில் நானும் குற்றவாளி. சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில், ஒரு தாய் முழங்கால் நோவைப் பற்றி என்னிடம் அழுதாள். "அம்மா, அதைச் சேசுநாதருக்கு ஒப்புக்கொடுங்கள்" என்று சொல்லி, ஆசீர் கொடுத்து அனுப்பினேன். சொன்னது சத்தியந்தான். ஆனால் அவள் காதில் அது, "இனி வாய் திறவாதே" என்று விழுந்தது. வைத்தியரிடம் போவதை நிறுத்தினாள். வீட்டாரிடம் சொல்வதையும் நிறுத்தினாள். ஒரு வருஷம் கழித்து அவள் மகள் வந்து, "சாமி, அம்மா எங்களோடு பேசுகிறதேயில்லை. இராத்திரியில் அடுப்படியில் தனியே உட்கார்ந்து அழுகிறார்கள்" என்றபோதுதான் எனக்குப் புரிந்தது. சிலுவையின் பேரைச் சொல்லி ஓர் ஆத்துமத்தின் வாயைக் கட்டிவிட்டேன்.

நம் ஆண்டவர் அப்படிச் செய்தாரா? ஜெத்சமனித் தோட்டத்தை நினையுங்கள். இராயப்பர், இயாகப்பர், அருளப்பர் மூவரையும் அழைத்துப்போய், தம் ஆத்துமம் படும் துயரத்தை மறைக்காமல் சொன்னார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்களோ தூங்கிவிட்டார்கள். தேவசுதனே துணை கேட்டாரென்றால், நாம் கேட்க வெட்கப்படுவானேன்? அர்ச். சின்னப்பரும் தம் சரீரத்தில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் மன்றாடினார். முள் நீங்கவில்லை, தேவ கிருபை வந்தது. அதை அவர் ஒளிக்காமல் கொரிந்து சபைக்கே எழுதினார்.

ஆகையால் நோவுள்ளவர்களே, சொல்லுங்கள். ஆனால் அளவாய்ச் சொல்லுங்கள். அணாக் கணக்குப் போய் வெகுகாலமாயிற்று. ஆனாலும் நானறிந்த ஒரு பெரியவர் வீட்டில் இன்றும் நோவுக்கு அதுவே கணக்கு. காலையில் அவர் "இன்று நாலணா" என்றால் மருமகள் தன் வேலையைப் பார்க்கிறாள். "பன்னிரண்டணா" என்றால் பேரப்பிள்ளைகள் சத்தம் போடுகிறதில்லை. புலம்பலுமில்லை, ஒளிப்புமில்லை. "ஒருவரும் என்னைக் கவனிக்கிறதில்லை" என்பதை விட்டு, "இந்தக் குடத்தை இறக்கிக் கொடு" என்று கேளுங்கள். நோவு குறைந்த நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்து, அடுத்த மூன்று நாள் படுத்துவிடாதீர்கள், பகிர்ந்து செய்யுங்கள். நோவின் எரிச்சலில் கடுஞ்சொல் வந்துவிட்டால், படுக்கப்போகுமுன் மன்னிப்புக் கேளுங்கள். நோவு உங்கள் பாவமல்ல. அதைச் சாக்கிட்டுப் பிறரைப் புண்படுத்துவது பாவமாகலாம்.

மருந்து கொள்வது விசுவாசக் குறைவென்று எண்ணாதீர்கள். பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24-ல் வைத்தியர்களுக்குச் செய்த பிரசங்கத்தில், நோவைத் தணிக்க மருந்து கொள்வது கிறிஸ்தவனுக்குத் தகும் என்று தெளிவாய்ப் போதித்திருக்கிறார். மருந்துக்குப் பின்னும் மிஞ்சுகிற நோவே ஒப்புக்கொடுக்க நமக்குப் போதும்.

வீட்டாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு பகல் ஏழு இரவு அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுமட்டும் நல்ல சிநேகிதர்கள். பிறகு வாய் திறந்து, 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்' என்று நியாயம் பேசத் தொடங்கினார்கள். கடைசியில் சர்வேசுரனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். ஆகவே முதலாவது, நம்புங்கள். புத்தி சொல்லுமுன், "நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். குடும்ப ஜெபமாலையில் முழந்தாளிட முடியாதவரை நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். பராமரிக்கிறவரும் மனுஷர்தான், மருமகளோ மகளோ ஒருத்தியே எல்லாம் சுமக்க விடாமல், வாரத்தில் ஒரு பொழுதாவது மற்றவர் அவளை விடுவிக்கட்டும். சீரேனே ஊர் சீமோன் சிலுவையை எடுத்துப்போட்டுவிடவில்லை; கூடச் சுமந்தார். அதுவே வேதாகமத்தில் அவருக்கு அழியாத பேராயிற்று.

அந்தத் தாயிடம் பிற்பாடு போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் முழங்கால் இன்றும் நோகிறது. ஆனால் அடுப்படியில் அவள் தனியே அழுகிறதில்லை. பூசைக்கு வரமுடியாத நோயாளி உங்கள் வீட்டில் இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தேவ நற்கருணையோடு வருகிறேன். இம்முறை பேசுமுன் கேட்பேன்.

வியாகுல மாதா நோவுள்ள உங்கள் அனைவருக்காகவும் மன்றாடுவார்களாக.

உங்கள் பங்குசுவாமியார்