ஒருத்தர் போதும்

"எல்லாரும் வரவில்லை." ஒருத்தருமே வரவில்லையா, இல்லை சிலர் மட்டும் வரவில்லையா? தமிழில் இரண்டு பொருளும் வரும். பேச்சில் குரலை வைத்துச் சமாளித்துவிடுகிறோம். தர்க்கவியல் அப்படி விடாது. "எல்லாரும் வந்தார்கள்" என்பதன் மறுப்பு "ஒருவரும் வரவில்லை" அல்ல. "வராதவர் ஒருவராவது இருக்கிறார்" என்பதுதான். மறுக்கும்போது 'எல்லாம்' என்பது 'ஒன்றாவது' ஆகிவிடும். 'ஒன்றாவது' என்பதை மறுத்தால் 'எதுவுமே இல்லை'.

ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதன் சின்ன வடிவம் பழக்கம்: "இரண்டும் சரி" என்பதை மறுத்தால் "ஏதாவது ஒன்றாவது தவறு". அந்த விதி யார் பெயரில் இருக்கிறதோ, அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். 1879இல் ஃப்ரெகே 'எல்லாம்' என்பதற்கே ஒரு குறியீடு கொடுத்தார். 'ஒன்றாவது இருக்கிறது' என்பதற்கு அவர் தனிக் குறியீடு வைக்கவில்லை. 'எதுவுமே இல்லை என்பது பொய்' என்று எழுதினார், அவ்வளவுதான்.

இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "எங்க ஊர்ல யாரும் சாதி பாக்குறதில்ல." இதைப் பொய்யாக்க எத்தனை பேர் வேண்டும்? டீக்கடையில் தனி கிளாஸில் டீ வாங்கிய ஒரே ஒருத்தர் போதும். ஆனால் அவர் வாய் திறந்ததும் வருகிற பதில்: "அப்போ நாங்க எல்லாருமே சாதி வெறியர்களா?"

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் சொன்னது 'ஒருத்தராவது'. கேட்டவர் காதில் விழுந்தது 'எல்லாரும்'. அதன்பிறகு மொத்த ஊரையும் குற்றவாளி என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் ஏறுகிறது. அது அவரால் முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. ஆனாலும் முடியவில்லை என்பதையே காரணமாக்கி, பழைய வாக்கியம் ஜெயித்ததாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அவர் பொய் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கடையை, அந்த கிளாஸை விசாரிக்க வேண்டும். "மத்தவங்க யாரும் சொல்லலையே" என்பது விசாரணை ஆகாது. "அது ஒரு விதிவிலக்கு" என்றால், 'யாரும்' பொய் என்று ஒப்புக்கொண்டாயிற்று. 'பெரும்பாலோர் பார்ப்பதில்லை' என்று திருத்திக்கொள்ளலாம், நேர்மையான வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் மிச்சப் பேர் யார் என்ற கேள்வி வரும். அதனால்தான் 'யாரும்' என்பதை விட மனசு வருவதில்லை.

என் வேலையில் ஆயிரம் டெஸ்ட் ஓடும். ஒன்று ஃபெயிலானாலும் பில்ட் சிவப்புதான். மற்ற 999 பாஸாகிவிட்டதே என்று நாங்கள் யாரும் அதனிடம் சண்டைக்குப் போவதில்லை. அந்த ஒன்றைத் திறந்து படிக்கிறோம்.