புரவலர் யார்?

வீட்டு வரி ரசீதை எவரும் ஊன்றிப் படிப்பதில்லை. கட்டியாயிற்று, முத்திரை விழுந்தாயிற்று, மடித்துப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. அத்துடன் அதன் கதை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் அந்தத் தாளிலே, வீட்டு வரிக்குக் கீழே, வரிக்குள் ஒரு வரியாக ஒடுங்கிக் கிடக்கிறது இன்னொன்று — நூலக வரி! வீட்டு வரி ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நகரத்து மாளிகைக்கும் உண்டு அது; சோழபுரத்து ஓட்டு வீட்டுக்கும் உண்டு.

இராசபாளையத்தை அடுத்த எங்கள் வட்டாரத்தில் உழுது உண்போர் ஒரு பகுதி. விடியுமுன் எழுந்து நூற்பாலைக்கும், சத்திரப்பட்டிப் பக்கத்துப் பேண்டேஜ் துணித் தறிகளுக்கும் செல்வோர் ஒரு பகுதி. உலகத்துப் புண்ணுக்கெல்லாம் கட்டுப்போடத் துணி நெய்யும் கைகள், தம் பெயரை எழுதப் பழகாத கைகளாகவே நெடுங்காலம் இருந்தன. அத்தகைய கைகளுக்குரிய மூதாட்டி ஒருவர், ஊராட்சி அலுவலகத்தில் வரி கட்டிவிட்டு வரும் வழியில் என்னை நிறுத்தி, ரசீதை நீட்டினார். "இந்த ரெண்டாவது கணக்கு என்னய்யா?" என்றார். சொன்னேன். "எனக்கு ஒத்தை எழுத்துத் தெரியாதே, புத்தகத்துக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?" என்று கேட்டார். சினந்து கேட்கவில்லை; அறிந்துகொள்ளவே கேட்டார்.

தோழர்களே, இக்கேள்வியை எழுத்தறியாதவரின் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்! கலைக்கும் நூலுக்கும் ஆட்டத்துக்கும் பொதுப்பணம் செலவாகலாமா, செலவானால் யாருக்காக, யார் சொற்படி என்று ஏடுகளில் எழுதுகிறார்களே, அந்த வழக்கு முழுவதும் அம்மூதாட்டியின் ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இதே கேள்வியை வேறொருவரும் எழுப்பியதுண்டு. 1850ஆம் ஆண்டு, இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே பொது நூலக மசோதா வந்தபோது, கர்னல் சிப்தார்ப் என்ற உறுப்பினர் எழுந்து எதிர்த்தார். தமக்கு வாசிப்பே பிடிக்காது என்றும், ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே அதை வெறுத்ததாகவும் கூறினார். வரி கொடுப்போன் தலையில் நூலகச் சுமையை ஏற்றுவதா என்பது அவர் கட்சியின் வாதம். சட்டம் நிறைவேறியது — எப்படி? ஒரு பவுனுக்கு அரைப் பென்னி வரி தண்டலாம், கட்டடம் எழுப்பலாம், ஆள் அமர்த்தலாம், ஆனால் அப்பணத்தில் புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது! நூலற்ற நூலகம்! ஐந்தாண்டு கழித்துத்தான் அந்தக் கோணலை நிமிர்த்தினர்.

கர்னலும் மூதாட்டியும் கேட்டது ஒரே கேள்விதான். ஆனால் கேட்ட இடம் வேறு. ஆக்ஸ்போர்டு சென்றும் படிக்க மனமில்லாதவர் அவர். படிக்கும் வாயிலையே காணாதவர் இவர். கர்னலுக்கு எள்ளி நகையாடி விடை தரலாம். இவருக்கு அறம் சொல்லித்தான் விடை தரவேண்டும்.

"பேரப்பிள்ளை படிக்கும் பாட்டி, அதற்காகக் கட்டுங்கள்" என்று கூறலாம். பொய்யில்லை, ஆனால் அது பாதி விடை. முழு விடைக்குச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் சோழனின் பெயரைச் சுமக்கும் ஊர். ஆகவே சோழனையே சாட்சிக்கு அழைப்போம். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கிறது. அங்கே நடந்த கல்லூரியில் இளைய மாணாக்கர் 270 பேர், மூத்த மாணாக்கர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இவர்கள் உண்ணவும் ஓதவும் 45 வேலி நிலம்! நாள்தோறும் நெல் அளந்து கொடுத்தனர். எதைக் கற்றனர்? வேதம், வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம். கற்றவர் யார் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? அந்த 45 வேலியில் ஏர் பிடித்தவன், நாற்று நட்டவள், களத்தில் நெல் தூற்றியவள் — இவர்களுள் ஒருவருக்கேனும் அக்கல்லூரித் திண்ணையில் இடம் இருந்ததுண்டா?

பாமரன் பாடுபட்ட பொருளில் பண்பாட்டை வளர்ப்பது ஏதோ நம் காலத்துப் புதுமை என்று எண்ணாதீர். ஆயிரம் ஆண்டாக அதுவே நடந்தது. உழைத்தவன் கொடுத்தான், அரசன் பெயரில். உண்டவன் வாழ்த்தினான், அரசனை. புரவலன் என்று பெயர் வாங்கியவன் அரசன். உண்மையான புரவலனோ சேற்றில் நின்றான்; அவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இந்த வழக்கத்தை முதன்முதலாக ஏட்டளவிலேனும் புரட்டிப்போட்டது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் பல்லாண்டு வற்புறுத்திவந்த கருத்து அது. கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் சட்டமாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதல். அதன் நுட்பம் யாதெனில்: வீட்டு வரியோடு நூலகத்துக்கென ஒரு பங்கு தனியே தண்டப்படும், அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்த்தாக வேண்டும், சென்னை நகருக்கு வெளியே, மக்கள் தந்த தொகைக்குக் குறையாமல் அரசும் தன் பங்கைத் தரவேண்டும். அமைச்சர் மனம் குளிர்ந்தால் தருவது, முகம் சுளித்தால் நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சட்டம் தருகிறது. பின்னாளில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்துகொண்டே நூலகப் பொறுப்பையும் ஏற்ற நெ.து. சுந்தரவடிவேலு, சுயமரியாதை இயக்கத்தில் ஊறியவர். சிற்றூர்களுக்கு நூலகத்தைக் கொண்டு செல்லும் பணிக்கு இச்சட்டம் அவருக்குக் கைவாளாயிற்று. இன்று தமிழ்நாட்டில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றின் வேரில் நீர் வார்ப்பது ரசீதில் ஒடுங்கிக் கிடக்கும் அந்தச் சிறு வரிதான்.

இங்கே தன்மானம் மிக்க நண்பர்கள் சிலர் குறுக்கிடுவர். "அரசின் காசு நமக்கு எதற்கு? நம் இயக்கம் தெருத்தெருவாகப் படிப்பகம் அமைத்ததே, எவனிடம் கை நீட்டியது? முடி திருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்து வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! காசு வாங்கினால் கைகட்ட வேண்டி வரும்; பாட்டுக்குப் பொன் பெற்ற பாணன் மன்னனை இகழ்ந்து பாடுவானோ?" என்பர்.

படிப்பகத்தின் பெருமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் காசு வாங்காவிட்டால் கட்டு வராது என்ற நம்பிக்கையைத்தான் வரலாறு ஏற்க மறுக்கிறது. நாடகத்தை எடுத்துக்கொள்வோம். 1876ல் வெள்ளையன் நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தான்; நாடகக்காரனுக்கு அவன் காலணா கொடுத்ததில்லை. 1939ல் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. கலையிடமிருந்து வாங்கினரே ஒழிய, கலைக்கு வழங்கவில்லை. 1954ல் சென்னை மாநில அரசு தானே ஒரு நாடக நிகழ்ச்சிச் சட்டம் செய்தது. எம்.ஆர். இராதாவின் நாடகங்களைக் குறிவைத்தே அது பிறந்தது என்று பேசப்பட்டது. இராதா எந்த அரசின் மானியத்தில் மேடை போட்டார்? சீட்டு வாங்கி வந்த மக்களின் காசில் போட்டார். அவரையும் அடக்க முனைந்தனர்! அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் செல்லா என்று சென்னை உயர்நீதிமன்றம் கூற 2013 வரை ஆயிற்று. கடிவாளம் பூட்ட நினைப்பவன், தீனி போட்ட பிறகுதான் பூட்டுவான் என்பதில்லை.

ஆகவே வாங்கலாமா, கூடாதா என்று மயங்குவதை விட்டு, எவ்வழியில் வருகிறது என்று பார்ப்பதே அறிவுடைமை. பொதுப்பணம் இருவழியில் வருகிறது. ஒன்று, சட்டத்தின் வழி. மற்றொன்று, அருளின் வழி. சட்டத்தின் வழி வருவதைப் பெறுகிறவன் குடிமகன், கணக்குக் கேட்பான். அருளின் வழி வருவதைப் பெறுகிறவன் பாணன்; வாழ்த்துப் பாடுவான். விருதும் பொற்கிழியும் பெரும்பாலும் இரண்டாம் வழியில் வருவன. 1946ல் பிரிட்டனில் அமைச்சருக்கும் கலைஞருக்கும் நடுவில் கலை மன்றம் ஒன்றை நிறுத்தி, யாருக்கு எவ்வளவு என்பதை அம்மன்றமே முடிவு செய்யட்டும் என்றனர். முழுமையான மருந்தில்லை; மன்ற உறுப்பினரை அமர்த்துவது யார் என்ற கேள்வி அங்கும் உண்டு. எனினும் கொடுக்கும் கைக்குக் கூச்சம் வேண்டும் என்ற அளவிலேனும் உணர்ந்தனர்.

அருளின் வழி எத்துணை வழுக்கல் என்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. கோட்டூர்புரம் போனால் போதும். 2010 செப்டம்பர் 15ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் அங்கே திறக்கப்பட்டது. ஒன்பது தளம், கண்கொள்ளாக் காட்சி! 2011 நவம்பரில் அடுத்த ஆட்சி, நூலகம் வேறிடம் பெயரும், இக்கட்டடம் குழந்தைகள் மருத்துவமனையாகும் என்று அறிவித்தது. உயர்நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகம் பிழைத்தது. மருத்துவமனை வேண்டாமென்று சொல்ல நான் மனிதத்தன்மை இழந்தவனல்லன். ஆனால் ஒரு கையெழுத்தில் எழுந்தது இன்னொரு கையெழுத்தில் விழக்கூடும் என்ற நிலை, அறிவாலயங்களுக்குத் தகுமா?

நம்மவர் செய்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2006ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. உயர்ந்த நோக்கம், யார் மறுப்பார்? கட்டடம் எழுந்தது, பெயர்ப் பலகை ஏறியது, நூல்களும் வந்தன. ஆண்டுதோறும் புதுநூல் வாங்கவும், கதவைத் திறந்து உட்காருவோருக்கு வயிறு நிறையும் ஊதியம் தரவும் நிலையான வழி இல்லை. ஊர் பல, பூட்டும் பல. திட்டம் அருளால் பிறந்து, அருள் வற்றியதும் மூச்சு முட்டிற்று. 2023ல் மதுரையில் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை நான் பெருமிதத்தோடு பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட மதுரை அண்மை. ஆயினும் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைக்கு மதுரையும் தொலைவுதான். தமிழக அரசின் முத்திரையில் நிற்பது எங்கள் திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பர். கோபுரத்தைத் தலைநகருக்குக் கொடுத்த வட்டாரம், பதிலுக்குப் புத்தகம் கேட்டால் பேராசையாகுமோ?

விளையாட்டின் கதி இதனினும் இரங்கத்தக்கது. 2022ல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. அரசு 90 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. உலகம் வியந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஊர் வீட்டில் தண்டி ஊருக்கே திரும்பும் நூலக வரியைப்போல், ஊர்த் திடலுக்கென ஒரு காசு இல்லை. விழாவுக்கு அருள் உண்டு; திடலுக்குச் சட்டம் இல்லை. முள்வேலியோரம் பந்து தேடும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் ஆசிரியனுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

சட்டம் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் ஆயிற்றா? இல்லை, தோழர்களே! நூலக வரியாக மக்களிடம் தண்டிய பணத்தை, உள்ளாட்சிகள் பலவும் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. சென்னை மாநகராட்சியும் இதற்கு விலக்கன்று. சாலைக்கோ சம்பளத்துக்கோ அது கரைந்துபோகிறது. எவரும் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? கொடுப்பது நாம் என்பதே நமக்குத் தெரியாது! 'அமைச்சர் வழங்கினார்', 'ஆட்சியர் வழங்கினார்' என்று சுவரொட்டியில் படித்துப் படித்து, வழங்கியவர் அவரே என்று நம்பிவிட்டோம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வினைச்சொல் மாறுவதில்லை. அம்மூதாட்டி தன்னைப் புரவலர் என்று அறிந்திருந்தால், "நான் எதுக்குக் கட்டணும்" என்று கேட்டிருக்கமாட்டார். "கட்டினேனே, எங்கே?" என்றல்லவா கேட்டிருப்பார்!

அவருக்கு நான் அன்று கூறிய விடை இது: "உங்களைப் படிக்கவிடாமல் செய்த காலத்திலும் உங்கள் பொருளில்தான் பிறர் படித்தார்கள் பாட்டி. இப்போது முதல்முறையாக, கொடுத்தவர் பெயரில் ரசீது தருகிறார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள்."

இன்னொன்றும் உண்டு. எழுத்தறியாதவருக்கு நூலகத்தில் வேலையில்லை என்பதை நாம் ஏற்கலாமா? நம் படிப்பகங்களில் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சூழ்ந்து கேட்பர். கேட்டவருள் பலர் கையொப்பமிடவும் அறியாதவர். ஆனால் அரசியலில் அவர்களை ஏய்க்க எவராலும் முடியவில்லை. 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது அரங்கநாதன் வகுத்த நூலக விதிகளுள் இரண்டாவது. கேட்டறிவோரும் வாசகரே என்று அவ்விதியை விரித்துக்கொள்வோம். ஊர்ப்புற நூலகத்தில் மாலையில் ஒரு மணி நேரம் உரக்கப் படிக்க ஓர் ஆள் — இதற்கு ஒன்பது தளம் வேண்டாம். ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் போதும். நூலக வரி முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் இதற்கும் மிச்சம் இருக்கும்.

ஆகஸ்டு 15லும் அக்டோபர் 2லும் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. தேநீரும் தீர்மானமும் தவறாமல் வருகின்றன. இளைஞர்கள் அன்று வீட்டு வரி ரசீதைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லட்டும். சென்ற ஆண்டு நம் ஊரில் தண்டிய நூலக வரி எவ்வளவு, விருதுநகரில் உள்ள மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பப்பட்டது, நூலாகவும் ஏடாகவும் திரும்பி வந்தது எவ்வளவு — இம்மூன்றையும் எழுந்து நின்று கேட்கட்டும். பெண்கள் கேட்டால் இன்னும் நன்று. விடை வரும்வரை தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட வேண்டாம்.