வலிக்காத கண்ணின் ஹக்கு

சர்க்கரை நோயுள்ளவரிடம் கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்டுப் பாருங்கள். “பார்வை நன்றாகத்தானே இருக்கிறது?” என்பார். சிலர், “அல்லாஹ் கொடுத்த கண், அவன் பார்த்துக்கொள்வான்” என்று தவக்குலைத் துணைக்கு அழைப்பார்கள். வளையமாதேவியானாலும் நெய்வேலி டவுன்ஷிப்பானாலும் வீட்டுக்கு வீடு கேட்கக்கூடிய பதில்தான். இது தவக்குல்தானா?

முதலில் நோயின் போக்கைத் தெரிந்துகொள்வோம். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே நின்றால், விழித்திரையிலுள்ள மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் நலிந்து கசியத் தொடங்கும். பிறகு புதிதாக முளைக்கும் குழாய்களோ இன்னும் பலவீனமானவை. அவை உடைந்து கண்ணுக்குள்ளேயே இரத்தம் பரவும். அதுவரை வலி இல்லை, பெரும்பாலும் மங்கலும் இல்லை. லேசரும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காக்கும். போனதை முழுமையாக மீட்பது அரிது. சென்னை நகரச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில் 100-க்கு 17.6 பேரிடம் இந்தப் பாதிப்பு காணப்பட்டது. நாடு முழுவதும் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், கண்டுபிடிக்கப்படும் முன்பே பல ஆண்டுகள் உடலில் ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே நோய் தெரிந்த உடனே ஒருமுறை, பின்னர் ஆண்டுதோறும் விழித்திரையைக் காட்டவேண்டும். (மூக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசித்துக் காட்டுவது இந்தப் பரிசோதனை ஆகாது.)

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் அவர் மீது ஹக்கு உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த செய்தி புகாரியில் இருக்கிறது. வணக்கத்துக்காகக்கூட வாட்டக்கூடாத கண்ணை, சோம்பலுக்காகக் கைவிடலாமா?

இரு கண்களையும் இழந்து பொறுமை காத்தவருக்குச் சுவர்க்கம் என்ற நற்செய்தியும் அங்கே உண்டே என்பீர்கள். உண்டு. கண்ணிழந்தோர் யாருக்கும் குறைந்தவருமல்லர். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் நாயகத்தின் பள்ளியில் பாங்கு சொன்னவர்கள். ஆனால் சோதனை வந்தபின் கிடைக்கும் ஆறுதலை, வருமுன் அலட்சியத்துக்கு ஆதாரமாக்குவது எந்த நியாயம்? அதேபோல, பார்வை போனவரிடம் சென்று “நீர் கவனிக்கவில்லை” என்று குத்திக்காட்டவும் நமக்கு உரிமையில்லை. ஒழுங்காகக் கட்டுப்படுத்தியவருக்கும் இது வருவதுண்டு.

ரமலானில் சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறியுமோ என்று அஞ்சி, பரிசோதனையைத் தள்ளிப்போடுவோரும் இருக்கிறார்கள். முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் சட்டம்.

உண்மையான தடை வேறு. பாப்பாவை விரியவைக்கும் மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும். தனியே வீடு திரும்ப முடியாது. நம் பகுதியார் கடலூர் வழியாகப் போனால், புதுச்சேரித் தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. ஆண்கள் எப்படியோ நண்பரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கணவரின் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துவைக்கும் தாயாரை யார் அழைத்துப் போவது? அவர் கண்ணின் ஹக்கு அவர் மீது மட்டுமா, பிள்ளைகள் மீதும்தானா? மகன் ஒருநாள் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கிறார். அவருக்கேன் சிரமம் என்று தாயாரும் வாய் திறப்பதில்லை.