மானுக்குரிய கடன்

மொன்றியலுக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் அமைந்த லோங்கேய் நகரின் மிஷேல் சார்த்ராண் பூங்காவில் வெள்ளைவால் மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்தழித்தபோது, அவற்றுள் ஏறத்தாழப் பாதியைக் கொல்ல 2020-இல் நகராட்சி எடுத்த முடிவு மக்களின் எதிர்ப்பால் நின்றது; 2022-இல் குறுக்குவில்லால் கொல்ல வகுத்த திட்டமோ நீதிமன்றம் வரை சென்றது. விலங்கு ஒரு பொருளன்று, உணர்வுள்ள உயிர் என்று அந்நகர் அமைந்த கியூபெக் மாகாணத்தின் உரிமையியல் சட்டத்தொகுப்பு 2015 முதல் ஏற்கிறது; ஆயினும் அங்கு இலையுதிர் காலந்தோறும் மான் வேட்டை அரசின் உரிமத்துடன் நடைபெறுகிறது. உணர்வுள்ளதென ஒப்புக்கொண்ட உயிரைக் கொல்பவருக்கு, அவ்வுயிரின்பால் கடமை ஏதேனும் எஞ்சுகிறதா?

வலி குறைவாக, விரைவில் கொல்வதே அக்கடமை என்னும் வேட்டைக்காரர்கள் இதற்குக் காலிபரில், அதாவது துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவில், விடை தேடுகின்றனர். .243 வின்செஸ்டர் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் விட்டமும், .308 வின்செஸ்டர் தோட்டாவின் குண்டு 7.8 மில்லிமீட்டர் விட்டமும் உடையவை; மானுக்கு இரண்டுமே போதும். நுரையீரலும் இதயமும் உள்ள ஒரு சாண் அளவான இடத்தில் பாய்ந்து விரியும் குண்டு இரத்த அழுத்தத்தை வீழ்த்துவதால் மான் சில நொடிகளில் நினைவிழக்கிறது. வயிற்றில் பாய்ந்தாலோ, குண்டு எவ்வளவு பெரிதாயினும், மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகக்கூடும். பெரிய காலிபரின் கடுமையான பின்னுதைப்புக்கு அஞ்சி, விசையை இழுக்கும் கணத்திலேயே உடல் கூசிக் குறி தவறுவோரும் உண்டு. ஆகவே தொலைவு மிகும்போதும், ஒளி மங்கும்போதும், மான் ஓடும்போதும் சுடாமல் விடும் மன உறுதியே குழலின் அளவைவிட மிகுதியாக வலியைத் தவிர்க்கிறது.

கொல்லாமையை வலியுறுத்தும் சமணமோ இதனால் நிறைவடையாது. உழவிலும் சமையலிலும் தவிர்க்க இயலாமல் நேரும் உயிர்க்கேட்டை இல்லறத்தாருக்குப் பொறுத்துக்கொள்ளும் அச்சமயம், கொல்ல வேண்டும் என்று எண்ணியே செய்யும் சங்கல்ப இம்சையை அவர்களுக்கும் விலக்குகிறது. வேட்டை அவ்வகையைச் சேர்ந்தது. கருவியை ஆராய்ந்து தேர்வதே கொலையெண்ணத்தின் உறுதியைக் காட்டுகிறது என்னும் இம்மறுப்பு வலிமையானது. அதற்கு முழு விடை இல்லை. ஆயினும் எண்ணமே அளவுகோலாயின், வலி தரலாகாது என்னும் எண்ணத்தையும் அதே அளவுகோலால் அளந்தாக வேண்டும். குறியைப் பொருட்படுத்தாமல் சுடுபவரையும், ஐயம் எழுந்தவுடன் துப்பாக்கியைத் தாழ்த்துபவரையும் ஒரே நிரையில் வைப்பது நீதியாகாது.

சைவ மரபிலோ வேட்டைக்கும் இடமுண்டு, விலக்கும் உண்டு. மொன்றியல் தமிழர் வழிபடும் முருகனின் துணைவி வள்ளி, மானின் வயிற்றில் பிறந்து வேடர் குடியில் வளர்ந்தவள் என்பது புராணம். சிவனுக்கு வேட்டையிறைச்சியைப் படைத்த கண்ணப்பரையோ சைவம் நாயன்மார் அறுபத்துமூவருள் ஒருவராகப் போற்றுகிறது. கண்ணப்பரின் கதை அன்பின் மேன்மையைச் சொல்வதேயன்றி வேட்டைக்கு வழங்கிய இசைவன்று. புலாலை விலக்கும் நெறியையே சைவர் பலர் மேற்கொண்டனர். ஆனால் அந்நெறியில் நிற்போர்க்கும் மிஷேல் சார்த்ராண் போன்ற பூங்காக்களில் ஒரு கடன் உண்டு: கொல்லக் கூடாது என்று தடுத்தால், உணவு குன்றிய பனிக்காலத்தில் மெலியும் மான்களின் பசியும் வலியே ஆதலால், அதை எவ்வாறு நீக்குவது என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும்.