லாகின் இல்லாதவர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் போர்ட்டலில் 140 பக்கங்கள் என் பெயரில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 'உருவாக்கியவர்' என்ற இடத்தில் நான்தான். டைப் அடித்த விரல் என்னுடையது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பதில் பத்தில் ஒன்றுகூட நானாகத் தெரிந்துகொண்டதில்லை.

அப்போது நான் ஜூனியர் மெர்ச்சண்டைசர். கம்பெனியில் இருநூறு பேருக்கு மேல். ஆர்டர் விவரம் மெயிலில், துணி விவரம் நோட்டில், சண்டை மட்டும் வாட்ஸப் குரூப்பில் என்று ஓடிக்கொண்டிருந்தது. படிப்பு முடித்து வந்த சின்னவர் இதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவர நினைத்தார். தப்பில்லை. சாட், டாஸ்க், ஃபைல், லீவு விண்ணப்பம் எல்லாம் ஒரே திரையில் வரும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கினார்கள். அதில் 'நாலெட்ஜ் பேஸ்' என்று ஒரு பகுதி. "ஒவ்வொருத்தர் தலைக்குள்ள இருக்கறதும் இதுக்குள்ள வந்துரணும்" என்றார் சின்னவர். தமிழில் வேகமாக டைப் அடிப்பேன் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் தலை, ஃபேப்ரிக் பார்க்கிற அண்ணனுடையது. முப்பத்தியொரு வருஷ சர்வீஸ். மூன்று மாதம், தினமும் நாலு மணி டீக்குப் பிறகு, துணி ரோல்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்டேன். ரெண்டு கறுப்புத் துணி டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரியும், வெயிலில் பிடித்தால் ஒன்று பச்சை அடிக்கும், ஒன்று சிவப்பு அடிக்கும். லைக்ரா கலந்த துணியை ரோலைப் பிரித்து ஒரு நாள் சும்மா போட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் தைத்த பிறகு அளவு சுருங்கிவிடும். சிங்கிள் ஜெர்சியில் முறுக்கு இருந்தால் துவைத்ததும் பக்கத் தையல் முன்னால் திரும்பிக்கொள்ளும். இதெல்லாம் டெக்ஸ்டைல் படித்தவர்களுக்கும் தெரியும். எந்தப் பட்டறைத் துணியில் எது எப்போது நடக்கும் என்பது அண்ணனுக்குத்தான் தெரியும்.

"எப்படிங்கண்ணா கண்டுபிடிக்கறீங்க?"

"தொட்டாத் தெரியுங் கண்ணு."

"அத எப்படி எழுதறது?"

"அத நீதான் சொல்லோணும். படிச்சவன் நீதான?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் போர்ட்டல் சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் விற்கப்படுகின்றன. சின்ன கம்பெனி இருநூறு பேருக்கும் வாங்காது. எங்கள் கம்பெனி இருபத்தைந்து லாகின் வாங்கியது. ஆபீஸ் ஆட்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்கள். ஃபேப்ரிக் அண்ணனுக்கு லாகின் இல்லை. அவர் சொன்னதை எல்லாம் சேர்த்துவைத்த இடத்துக்குள் அவரால் நுழைய முடியாது. இதை யாரும் வன்மத்தோடு முடிவு செய்யவில்லை. விலைப்பட்டியல்தான் முடிவு செய்தது. யார் பேசலாம், யாரைப் பற்றிப் பேசலாம் என்கிற பழைய கோட்டை 'யூசர்' என்ற ஒற்றைச் சொல் சத்தமில்லாமல் போட்டுவிட்டது.

இந்த மாதிரிக் கருவிகள் பிறந்த இடத்தைப் பார்த்தால் ஆச்சரியமில்லை. ஸ்லாக், ஒரு ஆன்லைன் விளையாட்டை உருவாக்கிய கம்பெனி தன் ஆட்கள் பேசிக்கொள்ள வைத்திருந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது. விளையாட்டு 2012ல் மூடப்பட்டது, பேசும் கருவி பிழைத்துக்கொண்டது. அங்கே வேலை செய்தவர்கள் கீபோர்டு முன்னால் இருப்பவர்கள். வேலை என்றால் டைப் அடிப்பது என்று எடுத்துக்கொள்ள அவர்களுக்குக் காரணம் இருந்தது. கையில் துணியோடு நிற்பவர் அந்தப் படத்தில் இல்லை.

இகுஜிரோ நொனாகா என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1991ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்களின் கைக்குள் இருக்கும் அறிவை நிறுவனத்தின் அறிவாக மாற்றுவது எப்படி என்பதுதான் விஷயம். அதில் ஒரு கதை வரும். வீட்டில் ரொட்டி செய்யும் இயந்திரம் செய்ய மட்சுஷிடா கம்பெனி முயல்கிறது, மாவு சரியாகப் பிசைபடவில்லை. இகுகோ தனாகா என்ற சாஃப்ட்வேர்க்காரர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பயிற்சி எடுக்கிறார். அவர் மாவை ஒரு தினுசாக இழுத்து நீட்டுவதைக் கவனிக்கிறார். இயந்திரத்துக்கு அந்த இழுப்பு வந்துவிடுகிறது. இயந்திரம் நன்றாக விற்கிறது. நல்ல கதை, மேலாண்மை வகுப்புகளில் நிறையச் சொல்வார்கள். அந்தக் கட்டுரையில் தனாகாவின் பெயர் இருக்கிறது. ரொட்டிக்காரர் 'தலைமை ரொட்டிக்காரர்' மட்டும்தான். படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் தனாகா.

அண்ணனைத் தியாகியாக்கிவிட்டு நல்லவனாக நகர்ந்துவிடவும் முடியவில்லை. அவர் முப்பத்தியொரு வருஷம் யாருக்கும் எதையும் சொல்லித்தரவில்லை. செக்கிங்கில் ஒரு அக்கா பதினோரு வருஷமாக இருந்தார், கேட்கும்போதெல்லாம் "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது?" என்று துரத்திவிட்டிருக்கிறார். தெரிந்ததை மூடிவைத்திருப்பதும் அதிகாரம்தான். நான் அடித்துக்கொடுத்த பிரிண்ட் அவுட்டைப் படித்துத்தான் அந்த அக்கா ஃபேப்ரிக் பக்கம் வந்தார். போர்ட்டல் இல்லையென்றால் அது நடந்திருக்காது. அறிவு பொதுவில் வர வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் எங்கள் போர்ட்டல் பொது இல்லை. ஒருத்தர் கைக்குள் இருந்ததை இன்னொருத்தர் பூட்டுக்குள் மாற்றினோம். அந்தப் பூட்டும் வாடகைப் பூட்டு. ஸ்லாக் 2022 செப்டம்பரில் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சு தெரியாது என்று மாற்றியது. வாடகை நின்றால் முதலாளிக்கும் ஞாபகம் போய்விடும்.

சரி, நடந்ததுக்கு வருகிறேன். லைக்ரா துணி எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும் என்பதற்குப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம். எண் மட்டும்தான் எடுக்கும். அண்ணன் சொன்னது இது: "ஒரு நா போதுங் கண்ணு. அந்தக் காம்பாக்டிங் யூனிட்ல இருந்து வந்த துணின்னா மட்டும் இன்னொரு ராத்திரி விட்டுரு." நான் 24 என்று போட்டேன். மிச்சத்தைக் குறிப்பில் எழுதலாம் என்று நினைத்து மறந்தேன். சோம்பல் என்றும் சொல்லலாம்.

ஒரு ஆர்டர் அதன்படி வெட்டப்பட்டது. அண்ணன் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தைத்து முடித்ததும் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்தது.

சின்னவர் லேப்டாப்பைத் திருப்பி அவரிடம் காட்டினார். "நீங்க சொன்னதுதானுங்கண்ணா போட்டிருக்கு?"

அண்ணன் திரையைப் பார்த்தார். அதுவரை அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து விநாடி இருக்கும். "ஆமாங்க, நாந்தான் சொன்னேன்" என்றார்.

மறதியை என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது. அந்த ஐந்து விநாடியை முடியவில்லை. அவருக்கு ஒரு லாகின் இருந்திருந்தால், பக்கத்தை முன்பே பார்த்து "டேய், மிச்சத்த விட்டுட்ட" என்று சொல்லியிருப்பார். பெயர் போடுவது, பங்கு கொடுப்பது எல்லாம் பெரிய பேச்சு. தன் பெயரால் சொல்லப்படுவதைத் திருத்தும் உரிமை அதைவிடச் சின்னது, எனக்கு அதுதான் முதலில் வேண்டியதாகத் தோன்றுகிறது. அது இல்லாமல் ஒருவரின் அறிவை எழுதிவைப்பது, அவர் கையெழுத்தை வெற்றுத் தாளில் வாங்கி வைப்பது மாதிரி.

ஆறு மாதத்தில் "ரெஸ்ட் எடுங்கண்ணா" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் நானும் கிளம்பினேன். போகும் முன் அந்த 24க்குக் கீழே மிச்சத்தை எழுதினேன். 'உருவாக்கியவர்' இடத்தில் அவர் பெயரைப் போடப் பார்த்தேன். யூசர் பட்டியலில் இல்லாதவரை அது எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் அங்கே இருக்கும் நண்பன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கறுப்பு ஷேடு பக்கம். என் பெயருக்குப் பக்கத்தில் இப்போது 'டீஆக்டிவேட்டட்'. கீழே புதுப் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான்: "இதுல தொட்டுப் பாக்கணும்னு போட்டிருக்கே, தொட்டா என்ன தெரியும்? யார்ட்ட கேக்கறது?"

அண்ணனுக்கு போன் பண்ணினேன். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். விஷயத்தைச் சொல்லி, நம்பர் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"குடு கண்ணு. ஒரு கேள்விக்கு ஆயிரம் ரூவான்னு சொல்லிரு."

சிரித்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை.

நண்பனுக்கு அப்படியே அனுப்பினேன், ஆயிரம் ரூபாயையும் சேர்த்து.