பகுதியும் முழுமையும்

ஒரு பொருளின் உறுப்புகளைத் தனித்தனியே அறிந்துவிட்டால் அப்பொருளையே அறிந்தவராவோம் என்பது மனிதனின் நெடுநாள் நம்பிக்கை. 1935ஆம் ஆண்டில் எர்வின் ஷ்ரோடிங்கர் இதனை அசைத்தார். ஒரு முழுமையைப் பற்றி அறியக்கூடிய அனைத்தையும் அறிந்திருந்தும், அதன் பகுதிகளை அவ்வாறு அறிய இயலாத நிலை குவாண்டம் பௌதிகத்தில் உண்டென அவர் காட்டினார். அந்நிலையே பின்னிப்பிணைவு.

பல அணுக்கள் கூடி இயங்கும் தொகுதியொன்றில் இப்பிணைவை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் கிரைனரின் குழுவினர் அளந்து, 2015இல் முடிவை வெளியிட்டனர். ரூபிடியம் அணுக்களைத் தனிப்பூச்சிய வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, லேசர் ஒளியாலான குழிகளில் நிறுத்தினர். நான்கு அணுக்கள் கொண்ட ஒரே மாதிரியான இரு தொகுதிகளை அருகருகே அமைத்து, அவற்றிடையே அணுக்கள் குறித்த நேரம் ஊடுருவ விட்டனர். பின்னர் குழிதோறும் அணுக்களின் தொகை ஒற்றையா இரட்டையா என நோக்கினர். இரு தொகுதிகளும் ஒத்த, தூய நிலையிலிருப்பின், ஒரு பக்கத்தின் தொகை இரட்டையாகவே வருதல் வேண்டும். ஒற்றை வருமாயின் ஒழுங்கின்மை உண்டு. முழுத் தொகுதியை எண்ணியபோது இரட்டையே மேலோங்கிற்று. பாதியை எண்ணியபோதோ ஒற்றையும் கலந்து வந்தது.

முழுமையைவிடப் பகுதியில் ஒழுங்கின்மை மிகுதி! அன்றாட உலகில் இஃது இயலாது. நூலின் ஓர் ஏட்டிலுள்ள குழப்பம் முழு நூலில் இல்லாதொழிவதில்லை. இங்கோ, பகுதியில் காணாத ஒழுங்கு பகுதிகளுக்கிடையேயான உறவில் உறைகின்றது. 2016இல் வெளியான சோதனையில், ஆறு அணுக்கொண்ட தொகுதியின் பகுதிகள் வெப்பமுற்றுக் கலைந்தனபோலத் தோன்றியபோதும், முழுமை தூய நிலையிலேயே நின்றது.

இதனைக் கேட்டதும் 'யாவும் மாயை, யாவும் மனமே' என்று முழங்குவோர் உளர். குளிரூட்டி, ஒளி பாய்ச்சி, மீண்டும் மீண்டும் எண்ணிப் பெற்ற முடிவு இது. பொருள்களுக்கிடையேயான உறவும் பொருளைப் போலவே மெய்யானது, அளத்தற்குரியது என்பதே இதன் செய்தி. மனத்தைப் பற்றி இச்சோதனை ஒன்றும் கூறவில்லை.

முற்போக்காளரும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். மனிதர் ஒருவரோடொருவர் பிணைந்தவர் என்பதற்கு அணுவைச் சாட்சிக்கு அழைப்பதும் மயக்கமே. அதற்குப் பசியும் கூலியும் போதிய சாட்சிகள். அணுக்கள் தம் உறவைத் தேர்வதில்லை. மனிதனோ தன் உறவுகளை ஆக்குகின்றான், மாற்றவும் வல்லவன். ஆதலின் அவற்றுக்குப் பொறுப்பாளியும் ஆகின்றான்.

ஆயினும் அவ்வாய்வாளரிடம் நாம் கொள்ளத்தக்க ஒழுக்கம் ஒன்றுண்டு. பாதியில் குழப்பத்தைக் கண்டதும் முழுமையும் குழப்பமென அவர்கள் தீர்த்துவிடவில்லை. முழுமையையும் எண்ணிப் பார்த்தனர். நான்கு அணுக்களுக்குக் காட்டப்பட்ட அப்பொறுமையை மனிதரைப் பற்றித் தீர்ப்புரைக்கும் நாம் எத்துணை காட்டுகின்றோம்?